மணிக்கட்டில் எண்டோஸ்கோப்பி அறுவை: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் நரம்பு அழுத்தப்படும் நோய் என்கிறார்கள். உள்ளங்கையைத் திறந்து செய்வதைவிட, சிறு துளை வழியே கேமராக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பியில் நன்றாகக் குணமாகுமா?

பதில்: ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எந்த வழியில் போனாலும் வெட்டுவது சுரங்கத்துக்குக் கூரையாக இருக்கும் அதே நார்ப்பட்டையைத்தான். நரம்புக்கு அது தெரியப்போவதில்லை. வித்தியாசம் முதல் சில வாரங்களில். உள்ளங்கையில் நீளத் தழும்பு இல்லாததால் வலி கொஞ்சம் குறைவு, பிடி சீக்கிரம் திரும்பும், வேலைக்குச் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் போகலாம்.

கேள்வி: குழாய் விடும்போது நரம்பு அறுபட்டுவிடுமா?

பதில்: நிரந்தரச் சேதம் இரண்டு முறையிலும் அபூர்வம். தற்காலிக மரத்துப்போதல் மட்டும் எண்டோஸ்கோப்பியில் சற்று அதிகம். ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் கருவியையும் நுழைக்கிறோமே! உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் நடுவிலேயே திறந்த முறைக்கு மாறுவதுதான் சரி. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். ராத்திரிக் குடைச்சல் போய்விட்டது, ஆனால் விரல் நுனி இன்னும் மதமதவென்று இருக்கிறது. சரியாகச் செய்யவில்லையோ?

பதில்: குடைச்சல் நின்றதே நல்ல அறிகுறி. அழுத்தம் விலகியதும் அது அடங்கிவிடும். பலருக்கு அன்று இரவே. உணர்ச்சி அப்படியில்லை. நரம்பிழைகள் அழிந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள், மாதக்கணக்கு புரியும்.

கேள்வி: அம்மாவுக்குக் கட்டைவிரல் மேடு வற்றிக் குழி விழுந்துவிட்டது. பொத்தான் போட முடியவில்லை. எண்டோஸ்கோப்பியில் தசை திரும்புமா?

பதில்: முழுசாகத் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். செய்யத்தான் வேண்டும், இருப்பதையாவது காப்பாற்றலாம், வலியும் குறையும். ஆனால் தாமதமாக வந்ததை எந்த நவீனக் கருவியும் ஈடுகட்டாது. எந்த முறை என்று ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

கேள்வி: கையை ஊன்றி எழுந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதி வலிக்கிறது.

பதில்: எண்டோஸ்கோப்பியிலும் வரும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தணியும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளும். விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள், பாரம் தூக்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: எட்டு மாத கர்ப்பம். இப்போதே செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரமில்லை. இரவில் மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் போடுங்கள். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே குறைந்துவிடும்.

கேள்வி: எனக்குச் சுண்டுவிரலும் சேர்ந்தே மரக்கிறது.

பதில்: அப்படியானால் கத்தி வைக்குமுன் முழங்கையையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலுக்கு வரும் நரம்பு வேறு, அது இந்தச் சுரங்கத்துக்குள் போவதே இல்லை.

கேள்வி: மறுபடி வருமா?

பதில்: சில மாதம் நன்றாக இருந்து திரும்புவது வேறு, ஒருநாள்கூட விடாமல் தொடர்வது வேறு. இரண்டாவது உங்கள் கதையென்றால், பட்டை முழுதும் வெட்டப்படாமல் விட்டிருக்கலாம். தள்ளிப்போடாமல் மறுபடி காட்டுங்கள்.