பேட்டரி டெர்மினலில் பூத்த தூளை நாமே சுத்தம் செய்யலாமா?

நான்கு வருடப் பழைய பெட்ரோல் கார், காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது, பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்திருக்கிறது, வெந்நீரால் கழுவி உள்ளே ஆர்ஓ தண்ணீர் விட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், நானே செய்யலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம், ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம். குடிக்க நல்லதுதான், ஆனால் அதில் மிச்சமிருக்கும் உப்புகள் பேட்டரியின் தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது; குறைவது தண்ணீர், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மூடி இல்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் நெம்பித் திறக்க வேண்டாம்.

எஞ்சினை அணைத்து, மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வயர்களைக் கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். காரின் பாடி முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸில் ஸ்பேனரைப் போட்டுத் திருகும்போது அதன் மறுமுனை பக்கத்தில் ஏதாவது இரும்பில் பட்டால் பேட்டரி அப்படியே ஷார்ட் ஆகி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, தீப்பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் பாடியில் பட்டாலும் கரண்ட் போக வழியில்லை.

தீப்பொறிக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது, காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அப்படி வெடித்தால் ஆசிட் நேராக முகத்துக்கு வரும். தண்ணீர் மட்டம் பார்க்க லைட்டர் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது, செல்போன் டார்ச் போதுமே.

சரி, தூளுக்கு வருவோம். கையால் தட்டவோ ஊதவோ வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் வயர் முனையிலுள்ள கிளாம்ப்பிலும் டெர்மினலிலும் தேயுங்கள். நுரைக்கும், நுரை அடங்கியதும் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட்டின் வீரியம் போய்விடும். வயரை இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவுங்கள், கிரீஸைப் பூசிவிட்டுப் பூட்டாதீர்கள்.

இதற்குப் பிறகும் செல்ஃப் இழுத்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும், 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் பாருங்கள், புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை. அங்கே எல்லாம் சரி, முழு சார்ஜ் ஏற்றியும் மறுநாள் காலை இறங்கிவிடுகிறது என்றால், வண்டி நிற்கும்போது கரண்ட் எங்காவது கசிகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இல்லையென்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள். பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

ஆசிட் கண்ணில் பட்டுவிட்டால் சோடாவெல்லாம் வேண்டாம், ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.