தடாகத்துக்கு முன் கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 20 பேர்ச் வளவு. கடல் ஐந்து நிமிட நடை. பிள்ளைகள் இருவர். கனடாவிலிருக்கும் தம்பி, "நீச்சல் தடாகம் ஒன்று கட்டுங்கோ, அரைவாசிக் காசு நான் தாறன்" என்கிறான். எட்டுக்கு நாலு மீற்றரில் கட்டினால் கட்டுப்படியாகுமா?

பதில்: தம்பி தருவது கட்டுகிற காசு. மாதாமாதம் வரும் பில் உங்களுக்குத்தான்.

சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் ஏறக்குறைய 45,000 லீற்றர் பிடிக்கும். நிரப்புவது ஒருநாள் வேலை. பிறகு வெயிலும் கச்சான் காற்றும் குடிக்கத் தொடங்கும்: நாளுக்கு 5 மில்லிமீற்றர் வற்றினாலே 160 லீற்றர் ஊற்றவேண்டும், அதுவும் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருக்கும் ஆவணியில். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை நம்பினால், கூடப் பாவிக்கப் பாவிக்க அலகின் விலையும் ஏறும். ஒரு குதிரைவலு பம்ப் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு அலகு கரண்ட் இழுக்கும். நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓட்டினால் மாதம் 180 அலகு. வீட்டுப் பாவனையும் சேர, ஆகக் கூடிய விலைப் படிக்குள் போய்விடுவீர்கள். கூரையில் சோலார் இருந்தால் பகலில் ஓட்டிச் சமாளிக்கலாம்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு இரவு முழுக்க வையுங்கள். தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் இரும்பு இருக்கிறது; தடாகமும் அப்படித்தான் மாறும். சவர்த் தண்ணீர் என்றால் பம்பும் ஏணியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கடற்கரைப் பக்கத்தில் நான் ஆகப் பயப்படுவது மாரியைத்தான். மார்கழி மழைக்குள் ஒருவர் பாசி தேய்க்கவென்று தடாகத்தை முழுதாக இறைத்துவிட்டார். விடிய நான் போய்ப் பார்க்க, ஒரு மூலை சாண் அளவு மேலே எழும்பியிருந்தது. டைல்ஸ் நடுவில் கோடு கிழித்தமாதிரி வெடித்துக் கிடந்தது. நிலத்தடி நீர் வெறும் தொட்டியை வள்ளம்போலத் தூக்கிவிடும். அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். மாரியில் ஒருபோதும் வெறுமையாக்காதீர்கள். கவனிக்காமல் விட்டாலும் ஆபத்துத்தான்: குளோரின் இல்லாத தடாகம் நுளம்புப் பண்ணை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நிற்பார்.

இலாபமே இல்லையா? இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை கடல் கொந்தளிப்பு. மழை விட்ட நாட்களில் பிள்ளைகள் வீட்டிலேயே பயமில்லாமல் நீந்திப் பழகலாம். ஆனால் நாலு பக்கமும் 1.2 மீற்றர் வேலியும் தானாக மூடும் படலையும் இல்லாமல் தண்ணீர் விடவேண்டாம். மே முதல் செப்ரெம்பர் வரை வரும் உல்லாசப் பயணிகளுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், தடாகம் தன் செலவைத் தானே தேட வாய்ப்புண்டு. வீட்டுக்கு மட்டும் என்றால், என் கணக்கில் கட்டுப்படியாகாது. கடல் அமைதியான மாதங்களில் காலையில் ஒரு நல்ல பயிற்றுநரோடு பிள்ளைகளை அனுப்புங்கள்.

எப்படியும் இந்த வருடம் அத்திவாரம் வெட்டவேண்டாம். மார்கழியில் கிணற்றுக்குள் கயிறு விட்டுத் தண்ணீர் நிலமட்டத்திலிருந்து எத்தனையாவது அடியில் நிற்கிறது என்று அளவுங்கள். ஐந்தடிக்குள் நின்றால், தோண்டிக் கட்டும் யோசனையை விட்டுவிட்டு நிலத்துக்கு மேலே வைக்கும் தொட்டியைப் பற்றித் தம்பியோடு கதையுங்கள்.