சிக்னல் இல்லாத இருபது நிமிஷம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. வீடு செங்கோட்டையில், வேலை எல்லை தாண்டிக் கேரளத்தில், புனலூர் பக்கம் ஒரு தனியார் நகைக்கடன் கிளையில், ஆறு வருஷமாக. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். முன்பு இந்த வேலை பிடித்திருந்தது. இப்போது ஒன்றரை வருஷமாக வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. காலையில் டார்கெட் சொல்லி ஒரு போன், சாயங்காலம் ஏன் முடிக்கவில்லை என்று ஒரு போன். வட்டி கட்டாதவர்களைக் கூப்பிட்டு நகை ஏலத்துக்குப் போகப் போகிறது என்று சொல்ல வேண்டும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து எஸ்டேட் தமிழ் ஆட்கள் அத்தனை பேரிடமும் நான்தான் பேச வேண்டும், கிளையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். மேனேஜர் மலையாளி. ஏதாவது சொன்னால் "டென்ஷன் அடிக்கண்டா" என்று, டென்ஷன் ஆக வேண்டாம் என்கிற அர்த்தத்தில், சொல்லிவிட்டுப் போய்விடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூமில் இரண்டு மணி நேரம் மன அழுத்தம் குறைக்க வகுப்பு எடுத்தார்கள். பஸ் காட்டுக்குள் வரும்போது சிக்னல் போய்விடும், அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு நிம்மதி. வீட்டுக்காரர் எல்லா வேலையும் இப்படித்தான் என்கிறார். எனக்கு வந்திருப்பது மன அழுத்தமா? இல்லை, நான்தான் பலவீனமாக இருக்கிறேனா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, செங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பலவீனமானவர் இல்லை. ஆறு வருஷம் தினமும் மலை ஏறி இறங்கி வேலைக்குப் போய்வருகிற ஒருத்தியை அப்படி யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், மன அழுத்தமா என்ற கேள்வி. நம் மொழியில் இந்த ஒரு சொல்லை இரண்டு விஷயத்துக்கும் வைத்துவிட்டோம், அதனால் நிறையக் குழப்பம் வருகிறது. வேலை நெருக்குவதால் வருகிற அழுத்தம் ஒன்று, மனச்சோர்வு என்கிற நோய் இன்னொன்று. முதலாவதில் அழுத்துகிற காரணம் கொஞ்சம் விலகினால் உடம்பும் மனசும் தளர்ந்து கொடுக்கும். உங்களுக்கு அந்த இருபது நிமிஷத்தில் நடப்பது அதுதான், சிக்னல் போனதும் நெஞ்சு அடங்குகிறது என்றால் உங்களுக்குள் ஏதோ கெட்டுப்போய்விடவில்லை, வெளியிலிருந்து ஒன்று உங்களை அழுத்திக்கொண்டிருக்கிறது. மனச்சோர்வு அப்படி விடாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதியும், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இருந்து என்ன பயன் என்கிற நினைப்பும் வருகிறது என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நெஞ்சுப் படபடப்புக்கும் ஒருமுறை ஈசிஜி எடுத்து, தைராய்டும் ரத்த அளவும் பார்த்துவிடுங்கள். எல்லாம் டென்ஷன்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

நானும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் ஒன்பது வருஷம் இருந்தவள். நம் ஊரில் "கடையில் நிற்கிறாள்" என்றுதான் சொல்வார்கள், அது அப்படியே உண்மை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றோம். ஆள் வராத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாய்ந்தாலும் கேமராவில் பார்த்துக் கீழேயிருந்து ஆள் வருவார். பாத்ரூம் போகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே விட்டோம், எங்களில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு இருந்தது. வேலை கடினம் என்பதைவிட, காலை மாற்றி வைப்பதற்கும் இன்னொருவர் அனுமதி வேண்டும் என்பதுதான் என்னை வாட்டியது. இரவில் தூக்கத்தில்கூட நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். அந்த நாட்களில் நானும் உங்களைப் போலவே என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன்.

அது குறை இல்லை என்று பின்னால் படித்துத்தான் புரிந்தது. லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த ஏறக்குறைய 18,000 ஆண்களை 1967-லிருந்து பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர், மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதில் முக்கியமானவர். பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கணக்கு நேர்மாறாக வந்தது. உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறப்பது மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. 1985-ல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள், அதில் தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவது தெரிந்தது. ராபர்ட் கராசெக் என்பவர் 1979-லேயே இதைத்தான் சொன்னார், வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, வேலையும் அதிகம், நம் பேச்சும் எடுபடாது என்று இரண்டும் சேரும்போதுதான் சாய்க்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். டார்கெட்டை நீங்கள் வைக்கவில்லை, ஏல நாளை நீங்கள் குறிக்கவில்லை, தங்கத்தின் விலையும் உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்த எஸ்டேட் அம்மாவிடம் "உங்க தாலிச்செயின் போகப் போகுது" என்று சொல்கிற வாய் மட்டும் உங்களுடையது. உங்கள் வேலையில் மிகக் கொடுமையான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன், நீங்கள் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். மலையாள வாடிக்கையாளர்களின் அழைப்பை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், தமிழ் ஆட்களின் அழுகை மொத்தமும் உங்கள் காதில் விழுகிறது. தமிழ் தெரியும் என்பதற்காகச் சம்பளமே இல்லாமல் இன்னொரு வேலையும் உங்கள் தலையில் ஏறியிருக்கிறது.

மேனேஜர் மலையாளி என்பதால் இப்படி என்று நினைக்காதீர்கள். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது, நம் ஆட்கள் அந்தப் பக்கம் பிழைக்கப் போவது நேற்று வந்த பழக்கமா? தென்காசிக் கிளையில் தமிழ் மேனேஜர் இருந்தாலும் காலை போனும் சாயங்கால போனும் வரத்தான் செய்யும், அவருக்கும் மேலேயிருந்து அதே போன் வருகிறது. உங்கள் மேனேஜருக்கும் அதே நிலைதான், அதனால் அவரிடம் பேச முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படிப் பேசுவது? எனக்கு ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள், அதற்கு அவரிடம் "டென்ஷன் அடிக்கண்டா"தான் இருக்கிறது. முதலில் பத்து நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள், எந்நேரம் படபடத்தது, அப்போது என்ன நடந்தது, அன்றைக்கு எத்தனை ஏல அழைப்பு. பிறகு அந்த எண்ணிக்கையோடு போங்கள். தமிழ் அழைப்புகள் ஒரு நாளைக்கு இத்தனைதான், காலையில் மட்டும்தான், இத்தனை அழைப்பு பேசுகிற நாளில் புதுக்கடன் டார்கெட்டைக் குறைக்க வேண்டும், இப்படி அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். கிளையில் இருக்கிற மற்ற பெண்களையும் முடிந்தால் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசியதை அன்றைக்கே அவருக்கு ஒரு மெசேஜாகவும் போட்டுவிடுங்கள்.

சேர்ந்து கேட்பதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் நின்ற கடைகளுக்கு நாற்காலி அப்படித்தான் வந்தது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் சேர்ந்து வருஷக்கணக்காகப் போராடியதால்தான் 2018-ல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்றது, தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். என் முழங்கால் இன்றைக்கும் வலிக்கிறது, ஆனால் இப்போது கடைக்குள் போகும்போது ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அந்த ஜூம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் படபடப்பு அடங்கும், ஏல அழைப்பு ஒன்று முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் இரண்டு நிமிஷம் செய்யுங்கள். மத்தியானச் சோற்றை மேஜையை விட்டு எழுந்துபோய்ச் சாப்பிடுங்கள். ஆனால் உங்களுக்கு இருந்த ஒரே விடுமுறையில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு அழுத்தம் குறைக்கச் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை. வேலைக் களைப்பு மிஞ்சி ஆள் ஓய்ந்துபோவதை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்ட நாள் அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. கையாள வேண்டிய பொறுப்பில் பாதிக்கு மேல் நிறுவனத்துடையது.

கேட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள், இன்னொன்று கையில் வந்தபின் இதை விடுங்கள். வீட்டில் கடன் இருக்கும், பிள்ளைகள் படிப்பு இருக்கும், கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் கவலை இதைவிடப் பெரிதாகிவிடும். வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். எல்லா வேலையும் இப்படித்தான் என்று அவர் சொல்வதில் அவருடைய களைப்பும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அந்த இருபது நிமிஷம். கோட்டைவாசல் தாண்டி, எஸ் வளைவு இறங்கி, புளியரை வந்ததும் சிக்னல் வந்துவிடும், போன் வரிசையாக அடிக்க ஆரம்பிக்கும். அப்போது எடுக்காதீர்கள். செங்கோட்டையில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, முகம் கழுவி, ஒரு டீ குடிக்கும் வரை அது பைக்குள் கிடக்கட்டும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே தொடங்கலாம். ஏல அழைப்பு விஷயத்தை மட்டும் மாசக் கடைசி நெருக்கடி வருவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா