வீட்டில் படம் பார்ப்பது ஒரு வாழ்நாளில் எப்படி மாறியது?

இதில் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், நான் வீடியோ கேசட்டைத்தான் சொல்வேன். அதற்கு முன்பு டிவியில் எப்போது போடுகிறார்களோ அப்போதுதான் பார்க்க முடியும், தவறவிட்டால் போனதுதான். 1975-ல் சோனியின் பீட்டாமேக்ஸும் அடுத்த ஆண்டே ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் என இரண்டு கேசட் வகைகள் ஜப்பானில் வந்த பிறகுதான் நேரம் மெல்ல நம் கைக்கு வந்தது. நாடா சுற்றி முடியும்வரை ரீவைண்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்போம், படம் கோடு கோடாக ஓடினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்போம், அதெல்லாம் அப்போது தொல்லையாகவே தெரியவில்லை. 1996-ல் வந்த டிவிடியில் படம் தெளிவானது, நினைத்த காட்சிக்குத் தாவவும் முடிந்தது. அப்புறம் 2007-ல் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகவே படம் காட்ட ஆரம்பித்தது. சரி, வசதிதான். ஆனால் படத்தைக் காட்ட அவர்கள் வாங்கிய உரிமம் முடிந்தால் அது பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும், அதனால் ரொம்பப் பிடித்த படங்களை டிவிடியாகவோ ப்ளூ-ரேயாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.