51.4 சதவீதம் எதற்கு உதவும்?

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண முதல்வராக இருந்த ஜேசன் கென்னி, 2022 கட்சி வாக்கெடுப்பில் 51.4 சதவீதம் வாங்கி ஜெயித்தும் பதவி விலகினாரே, ஏன்?

பதில்: ஜெயித்தாரா? யாரைத் தோற்கடித்து? எதிரே ஆளே நிற்கவில்லை. சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: இப்போதைய தலைவர் வேண்டுமா, வேண்டாமா? வாக்களித்த 34,298 பேரில் 16,660 பேர் வேண்டாம் என்றார்கள். அத்தனை பேரும் சொந்தக் கட்சிக்காரர்கள்!

விதிப்படி பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும். கென்னியும் முன்கூட்டியே அப்படித்தான் சொல்லிவந்தார். ஆனால் அந்த மாகாணத்தின் நடப்பு வேறு. முன்னாள் முதல்வர் ரால்ஃப் கிளைன் 2006-இல் இதே மாதிரி கட்சி வாக்கெடுப்பில் 55 சதவீதம் வாங்கி அந்த ஆண்டே கிளம்பினார். பின்னர் முதல்வரான அலிசன் ரெட்ஃபோர்ட் 2013 நவம்பரில் 77 சதவீதம் வாங்கினார். பயணச் செலவு சர்ச்சையில் மறு மார்ச்சிலேயே நாற்காலி போய்விட்டது. 51-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கென்னியின் பலவீனம் அவர் கட்டிய கட்சியிலேயே இருந்தது. முற்போக்கு கன்சர்வேட்டிவ், வைல்ட்ரோஸ் என்ற இரண்டு கட்சிகளையும் 2017-இல் இணைத்து, 2019-இல் 87 தொகுதிகளில் 63-ஐப் பிடித்தார். கொரோனா வந்ததும் தையல் பிரிந்தது. கட்டுப்பாடுகளை எதிர்த்து 2021 ஏப்ரலில் அவரது எம்.எல்.ஏ.க்கள் பதினைந்து பேருக்கு மேல் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் எதிர்ப்பாளர்கள் இருவர் கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஜூலையில் கட்டுப்பாடுகளைத் தூக்கினார். செப்டம்பரில் மருத்துவமனைகள் நிரம்பவே, அவசரநிலையையும் தடுப்பூசிச் சான்றையும் கொண்டுவந்தார். கிராமத்து ஆதரவாளர்களுக்கு அது துரோகம். நகரத்தாருக்கோ காலம் கடந்த ஞானம். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

வாக்கெடுப்பு நடந்த விதமும் உதவவில்லை. ரெட் டீர் நகரில் நேரில் போடவேண்டிய ஓட்டை, பதிவு செய்தோர் பெருகிவிட்டார்கள் என்று கடைசி நேரத்தில் தபால் ஓட்டாக மாற்றினார்கள். முறைகேடு என்ற கூச்சல் எழுந்தது.

சட்டமன்றத்தில் அவர் அரசு கவிழவில்லை என்பதையும் கவனியுங்கள். கட்சி ஓட்டுக்கு அங்கே சட்டப் பலம் எதுவும் கிடையாது. ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் அடுத்த தேர்தலுக்கு ஒரே ஆண்டு இருக்கையில் கட்சி இரண்டாகியிருக்கும். மே 18-இல் விலகலை அறிவித்து, அக்டோபரில் டேனியல் ஸ்மித் பதவியேற்கும்வரை முதல்வராகவே இருந்தார்.

புதிய தலைவர் தேர்தலில் ஸ்மித்துக்குக் கிடைத்தது மட்டும் என்ன, ஆறாம் சுற்றில் 53.77 சதவீதம்தானே என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். அது ஏழு பேர் போட்டியில் கிடைத்த கணக்கு.