பெறும் சுற்றில் வேகம் கூடாதது பற்றி

வணக்கம். 10 கிகாபிட் பிணைய அட்டைக்கான லினக்ஸ் டிரைவரில், பொட்டலங்களைப் பெறும் சுற்றில் (லூப்), வளைய வரிசையின் சுட்டெண்ணைக் கணக்கிடும் வகுத்தலை பிட் மறைப்பாக மாற்றியும், பிழைச் சோதனைகளுக்கு அன்லைக்லி (இது அரிதாகவே நடக்கும் என்று தொகுப்பிக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்தும் வேகம் உயரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த மாற்றங்கள் தவறல்ல. ஆனால் அவை மிச்சப்படுத்துவது சில நானோவினாடிகளே. 64 பைட் பொட்டலங்கள் முழு வேகத்தில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 67 நானோவினாடி. நீங்கள் இணைத்த குறிமுறையிலோ, சுற்றின் முதல் வரியே ரீட்எல் என்ற கர்னல் சார்பின் மூலம், அட்டை எதுவரை நிரப்பியிருக்கிறது என்று காட்டும் தலைப் பதிவேட்டைப் படிக்கிறது. அந்த வாசிப்பு, அட்டையைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ தடத்தின் வழியே சென்று பதிலோடு திரும்பும்வரை சிபியு காத்திருப்பதால், அதற்கே பல நூறு நானோவினாடிகள் போய்விடும். கறிவேப்பிலை ஒவ்வொரு கொத்துக்கும் சிங்கப்பூரின் வடக்கே உள்ள உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா சந்தைக்குப் போய்வருவது போன்ற வேலை இது. லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃப் அந்த நேரத்தை அடுத்த கட்டளையின் மேல் காட்டுவது வழக்கம். நீங்கள் வகுத்தலைச் சந்தேகித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பதிவேட்டை விட்டுவிட்டு, அட்டை தானே நினைவகத்திலுள்ள விவரிப்பியில் (ஒவ்வொரு பொட்டலத்தின் விவரத்தையும் தாங்கும் சிறு பதிவு) எழுதிவைக்கும் 'முடிந்தது' பிட்டைப் பாருங்கள். அது இடப்பட்டிருந்தால், மற்றப் புலங்களைப் படிக்குமுன், வாசிப்புகளின் வரிசை மாறாமல் காக்கும் டிஎம்ஏ_ஆர்எம்பி தடுப்பு அவசியம். அதை மறந்தாலும் இன்டெல் இயந்திரத்தில் பெரும்பாலும் சரியாகவே ஓடும், ஆர்ம் பலகையில்தான் குட்டு வெளிப்படும். புதிய காலி இடையகங்கள் எதுவரை தயார் என்று அட்டைக்குச் சொல்லும் வால் பதிவேட்டில் எழுதுவதையும் பொட்டலத்துக்கு ஒருமுறை என்றில்லாமல், 16 இடையகங்களை நிரப்பிய பிறகு ஒருமுறை செய்தால் போதும்.

இவற்றைச் செய்துவிட்டு, அன்லைக்லி இருந்தும் இல்லாமலும் மறுபடி அளந்து பாருங்கள்.