நடுக்கோட்டைக் கவனியுங்கள்: சமச்சீர் வளைவுகள் கேள்வி பதில்

பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் எனக்கு 18 வருடம் ஆகிறது. குத்துவிளக்கு, கலசம், தாமரை, தோரணம் என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டிய உருவங்கள். இதே வேலையைச் செய்கிற, கற்றுக்கொள்கிற நம் ஊர்த் தமிழ் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் குத்துவிளக்கு வரைகிறேன். எவ்வளவு பார்த்து வரைந்தாலும் ஒரு பக்கம் பருத்துவிடுகிறது. கோட்டில் உள்ள புள்ளிகளை, அதாவது நோட்களை, ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்வதிலேயே பாதி நாள் போகிறது.

இரண்டு பக்கத்தையும் வரையாதீங்க தம்பி. செங்குத்தாக ஒரு கைடு, அதாவது வழிகாட்டிக் கோடு, இழுத்து லாக் செய்துவிட்டு, இடது பாதியை மட்டும் வரையுங்கள். கோட்டில் தொடங்கி கோட்டிலேயே முடிய வேண்டும், கோட்டோடு ஒட்டவைக்கும் ஸ்னாப் ஆனில் இருக்கட்டும்.

நோட்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அழகே இருக்கிறது. விளக்கு அதிகம் புடைத்த இடம், அதிகம் ஒடுங்கிய இடம், இவை போதும். அகலின் விளிம்பு, தண்டின் கழுத்து, குமிழ், பாதத்தின் ஓரம் என்று ஏழெட்டு நோட்டில் பாதி விளக்கு முடிந்துவிடும். அந்த நோட்களில் ஹேண்டில், அதாவது நோட்டிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் பிடி, நேர் செங்குத்தாக நிற்கட்டும். 30 நோட் போட்டால் கோடு நடுங்கும். பித்தளை விளக்கு கடைசலில் சுழன்று உருவானது, அந்த வழவழப்பு கோட்டிலும் தெரிய வேண்டும்.

அப்புறம், பாதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இடது ஓரத்தின் நடுக் கட்டத்தைப் பிடித்து வலப்பக்கம் தாண்டி இழுங்கள். விடுவதற்கு முன் வலது கிளிக் செய்தால் கண்ணாடிப் பிரதி வந்து உட்காரும். இரண்டையும் கம்பைன் செய்து, ஷேப் டூலில் உச்சியிலும் அடியிலும் சந்திக்கும் நோட்களை ஜோடியாக ஜாயின் செய்யுங்கள்.

அல்சூரிலிருந்து ஒரு சகோதரி: பாதி வரைந்து மிரர் செய்தேன் அண்ணா. ஆனால் குடத்தின் அடிப்பாகத்தில், நட்டநடுவில் சின்னதாக ஒரு மூக்கு தெரிகிறது.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்மா. நடுக்கோட்டைத் தொடும் நோட்டின் ஹேண்டில் அந்தக் கோட்டுக்குச் செங்கோணத்தில், அதாவது படுக்கைவசமாக, இருக்க வேண்டும். உங்கள் பக்கம் 5 டிகிரி சாய்ந்திருந்தால் மறுபக்கமும் 5 டிகிரி எதிர்த்திசையில் சாய்ந்து வரும். இரண்டும் சேர்ந்து 10 டிகிரி முனை. கண்ணுக்கு அது உடனே படும்.

ஹேண்டிலை இழுக்கும்போது இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட், கோரல்ட்ராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் கண்ட்ரோல் பிடித்துக்கொள்ளுங்கள், கோணம் பிசகாது. ஹேண்டில் சரியாகப் படுத்திருந்தால் இரண்டு பக்கத்து வளைவின் அளவும் தானாகவே ஒன்றாகிவிடும், வேறு சரிசெய்தல் தேவையில்லை. தாமரை இதழின் நுனிக்கு மட்டும் வேண்டுமென்றே சாய்த்து வையுங்கள், அங்கே கூர்மை வேண்டும்.

பீன்யாவில் லேசர் கட்டிங் பார்க்கும் நண்பர்: டிசைனர்கள் அனுப்பும் ஃபைலில் கோடு திறந்தே கிடக்கிறது சார். என்ன செய்யச் சொல்வது?

இரண்டு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி அனுப்பி, டை கட்டிங் முடிந்த அட்டைகளில் கலசத்தின் உச்சி பிரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அன்று முதல் ஒவ்வொரு ஃபைலையும் சோதித்த பிறகே அனுப்புகிறேன். கோரலில் திறந்த வளைவுக்குச் சாதாரணமாக நிறம் ஏறாது, நிறம் கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு முனை நோட்களையும் தேர்ந்து கண்ட்ரோல்-ஆல்ட்-ஜே கொடுத்து ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, பிறகு கண்ட்ரோல்-ஜே. இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்-ஜே.

பொறியியல் படிக்கும் மாணவர், கே.ஆர்.புரம்: ஹேண்டிலின் நீளத்துக்குக் கணக்கு உண்டா?

உண்டு. கால் வட்டத்துக்கு ஆரத்தின் 0.5523 பங்கு. 50 மி.மீ. ஆரம் என்றால் ஹேண்டில் 27.6 மி.மீ. அப்போதும் அது அசல் வட்டம் அல்ல, ஆனால் விலகல் 0.03 சதவீதத்துக்கும் குறைவு. 50 மி.மீ.யில் அது 0.015 மி.மீ.கூட வராது. இந்த வளைவு முறை கார்களின் உடலை வடிவமைக்கப் பிறந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் டி காஸ்டெல்ஜோ 1959இல் இதற்கான வழியைக் கண்டார். ரெனோ நிறுவனத்தில் பெசியே தனியாக அதே வழிக்கு வந்து சேர்ந்தார், பெசியே வளைவு என்று அவர் பெயரே நிலைத்தது. மற்ற வளைவுகளுக்கு, வளைவு நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கி, கண் சொல்வதைக் கேளுங்கள்.

இலவச மென்பொருளில் முடியுமா? தாராளமாக. இங்க்ஸ்கேப்பின் பாத் எஃபெக்ட்ஸில் மிரர் சிமெட்ரி இருக்கிறது. ஒரு பாதியைத் திருத்தினால் மறுபாதியும் கூடவே மாறும். வெட்டக் கொடுக்கும் முன் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி கொடுத்து அதைச் சாதாரணக் கோடாக மாற்றிவிடுங்கள்.

ஜெயநகரிலிருந்து ஒரு வாசகி: அம்மா போடும் சிக்குக் கோலத்தை லோகோவாக்கப் பார்க்கிறேன். இழைகள் மேலும் கீழும் போவதைக் காட்டினேன். மிரர் செய்தால் நடுவில் பின்னல் தப்பாகிறது.

பல சிக்குக் கோலங்கள் கண்ணாடிச் சமச்சீர் கொண்டவை அல்ல, சுழற்சிச் சமச்சீர் கொண்டவை. தாளைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், கோலம் அப்படியே இருந்தால் மிரரைத் தொடாதீர்கள். நடுக்கோட்டிலேயே ஒரு சிக்கு விழுந்தால், இடமிருந்து ஏறும் இழை மேலே என்று நீங்கள் வைத்ததைப் பிரதி வலமிருந்து ஏறும் இழை மேலே என்று மாற்றிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தாது. கால் பகுதியை மட்டும் வரைந்து, ஆர் அழுத்தி, நடுப்புள்ளியில் ஆல்ட்-கிளிக் செய்து, 90 கொடுத்து காப்பி, பிறகு இரண்டு முறை கண்ட்ரோல்-டி. இது இல்லஸ்ட்ரேட்டர் வழி.

கடைசியாக, அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி: பிள்ளையார் முகத்தையும் பாதி வரைந்து மிரர் செய்யலாமா அண்ணா?

கிரீடம், காதுகள், நெற்றி வரை செய்யலாம். தும்பிக்கை நடுக்கோட்டைத் தாண்டி ஒரு பக்கம் வளையும், அதைத் தனி லேயரில் முழுதாக வரையுங்கள். தந்தத்தை மிரர் செய்யவே கூடாது. ஒரு தந்தம் ஒடிந்தவர் அவர், ஏகதந்தர். கண்ணாடிப் பிரதி எடுத்தால் இரண்டும் முழுதாகிவிடும். நெற்றியில் ஓம் எழுதுவதாக இருந்தால், மிரர் வேலை எல்லாம் முடிந்த பிறகு எழுதுங்கள்.